‘நடுவுல நில்லு... சிரி!’ - ஃபேர்வெல் போட்டோ பேக்டிராப் செட் பண்ண ஒரு முழு கைடு!

ஏப்ரல் வந்தால் போதும்... ஃபைனல் இயர் வாட்ஸ்அப் குரூப்களில் ரெண்டே டாபிக்தான் ஓடும். ஒன்று, ‘ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பைண்டிங் எங்க சீப்பா போடுறாங்க?’ இன்னொன்று, ‘ஃபேர்வெல்லுக்கு பேக்டிராப் யாரு பார்க்கிறது?’

முதல் கேள்விக்கு அஞ்சு நிமிஷத்தில் பதில் வந்துவிடும். ரெண்டாவது கேள்விக்கு ஒரு வாரம் சண்டை நடக்கும். பலூன் வேணும் என்று ஒரு கோஷ்டி, ஃப்ளெக்ஸ் அடிச்சா போதும் என்று ஒரு கோஷ்டி, ‘இன்ஸ்டால பார்த்தேன்டா’ என்று ஒரு ரீலை ஃபார்வேர்டு பண்ணிவிட்டுக் காணாமல் போகிற கோஷ்டி. கடைசியில் முந்தின நாள் ராத்திரி நாலு பேர் மட்டும் டேப்பும் கத்திரிக்கோலுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நாலு பேருக்காகத்தான் இந்தக் கட்டுரை. பேக்டிராப் என்பது வெறும் டெக்கரேஷன் இல்லை. அதன் முன்னால் எடுக்கிற போட்டோவில் ஒன்றாவது ஃப்ரேம் போட்டு வீட்டு ஹாலில் மாட்டப்படும். 20 வருஷம் கழித்தும் அது அங்கேயே இருக்கும். அதனால் கொஞ்சம் யோசித்துச் செய்வது நல்லது.

சீனரி திரையிலிருந்து செல்ஃபி கார்னர் வரை

பேக்டிராப் மோகம் இன்ஸ்டாகிராமோடு வந்தது என்று நினைத்தால் தப்பு. உங்கள் தாத்தா பாட்டி கல்யாணமான புதிதில் எடுத்த போட்டோவைத் தேடிப் பாருங்கள். பின்னால் ஒரு மாடிப்படியோ, தூணோ, ஏரியோ, பங்களாவோ இருக்கும். எல்லாம் துணியில் வரைந்தது. ஸ்டூடியோக்காரர்கள் அதை ‘சீனரி’ என்பார்கள். டிகிரி முடித்தவர்களுக்காகவே பல ஸ்டூடியோக்களில் ஒரு கறுப்பு கவுன் தொங்கும். கையில் பிடிக்க ஒரு சுருட்டின பேப்பரும் கொடுப்பார்கள். அந்தப் பேப்பரில் ஒன்றும் எழுதியிருக்காது. ஆனால், போட்டோவில் அதுதான் டிகிரி!

அப்புறம் பொருட்காட்சிகளிலும் மெரினா மணலிலும் சினிமா ஸ்டார்களின் ஆளுயர கட்அவுட்கள் வந்தன. தோளில் கை போட்ட மாதிரி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இப்போது நாம் வைக்கிற ‘செல்ஃபி கார்னர்’ அந்த வரிசையில் லேட்டஸ்ட், அவ்வளவுதான். அன்றும் இன்றும் ஆசை ஒன்றுதான். ‘இந்த நாள் சாதாரண நாள் இல்லை’ என்று போட்டோவைப் பார்த்ததும் தெரிய வேண்டும்.

முதலில் வாசகம்... அப்புறம் டெக்கரேஷன்!

எல்லோரும் கலரில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் வாசகத்தில் ஆரம்பியுங்கள்.

‘கிராஜுவேட்ஸ் 2026’ என்று பெரிசாக எழுதுவது ஈஸி. ஆனால், கிளாஸில் ரெண்டு மூணு அரியர் வைத்திருக்கிற நண்பர் அந்த எழுத்துக்கு முன்னால் நிற்கும்போது எப்படி இருக்கும்? அவருக்கு இன்னும் டிகிரி கைக்கு வரவில்லை. வெளியே சிரிப்பார், உள்ளுக்குள் குறுகுவார். சிலர் ‘வயிறு சரியில்லடா’ என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வராமலே இருந்துவிடுவார்கள். அதுக்குப் பதிலாக ‘பி.எஸ்சி இயற்பியல், 2023-26’ என்றோ, ‘மெக்கானிக்கல் பேட்ச் 2022-26’ என்றோ போட்டுப் பாருங்கள். அந்த மூணு, நாலு வருஷத்தைச் சேர்ந்து வாழ்ந்த எல்லோருக்கும் அந்த வாசகம் சொந்தம். யாரும் வெளியே நிற்க வேண்டியதில்லை. இன்னொரு லாபமும் உண்டு. டிபார்ட்மென்ட், வருஷம் ரெண்டும் இருந்தால், பிற்காலத்தில் போட்டோவைப் பார்க்கிறவர்களுக்கு இது எங்கே, எப்போது என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கையில் பிடிக்கிற ப்ராப் அட்டைகளுக்கும் இதே விதிதான். ‘அரியர் கிங்’, ‘தூங்குமூஞ்சி’, உடம்பையும் நிறத்தையும் வைத்து அடிக்கிற கமென்ட் எல்லாம் ஹாஸ்டல் ரூமில் காமெடியாக இருக்கலாம். அதே போட்டோ ஃபேமிலி குரூப்புக்குப் போனால் சீன் வேற. கேன்டீன் டோக்கன், கிளாஸ் ரூம் நம்பர், காலேஜ் பஸ் ரூட் நம்பர், எல்லோருக்கும் தெரிந்த புரொஃபசரின் ஃபேமஸ் டயலாக் என்று உங்கள் பேட்ச்சுக்கு மட்டும் புரிகிற விஷயங்களை எழுதுங்கள். யாரையும் காயப்படுத்தாது. கடையில் வாங்குகிற மீசை, கண்ணாடி ப்ராப்பைவிட இதுதான் மாஸ்.

தமிழில் வாசகம் வைக்கிறீர்களா? சூப்பர். ஆனால், ஃப்ளெக்ஸ் கடையில் ஒரு விஷயம் கவனிக்கணும். பல டிசைனர்கள் இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு. அதை அப்படியே காப்பி பண்ணிப் போட்டால் எழுத்து குப்பையாக மாறும். யூனிகோடு எழுத்துருவே போட்டாலும், டிசைன் சாஃப்ட்வேரில் இந்திய மொழிகளுக்கான செட்டிங் ஆன் ஆகாவிட்டால், கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் உட்காரும். பிரின்ட்டுக்குப் போகும் முன் டிசைனை வாங்கி, ரெண்டு பேர் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ல, ள, ழ மூன்றையும் தனியாகச் சரிபாருங்கள். எட்டடி உயரத்தில் ஒரு எழுத்துப்பிழை இருந்தால் அது எல்லோர் போட்டோவிலும் வரும்.

எத்தனை அடி வேணும்? ஒரு சின்ன கணக்கு

கொஞ்சம் தோளைத் திருப்பி நெருக்கமாக நின்றால், ஒருத்தருக்குச் சுமார் ஒன்றரை அடி அகலம் தேவை. 8 அடி அகல பேக்டிராப் என்றால் ஒரு வரிசையில் அஞ்சு பேர். இன்னொரு வரிசை உட்கார்ந்தால் பத்து பேர். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால், ஓரத்தில் நிற்பவருக்குப் பின்னால் காலேஜ் சுவரும் குப்பைத்தொட்டியும்தான் வரும்.

60 பேர் உள்ள கிளாஸின் குரூப் போட்டோவுக்கு என்ன செய்வது? நாலு வரிசை, வரிசைக்கு 15 பேர் என்று வைத்தால் 22 அடிக்கு மேல் வேணும். அதற்காக பேக்டிராப்பைப் பெரிசாக்கிக் காசைக் கரைக்காதீர்கள். காலேஜ் போர்டிகோ படிக்கட்டு, பெரிய வேப்பமரம், மெயின் பில்டிங் ஆர்ச் - இதைவிடப் பெரிய பேக்டிராப் எந்தக் கடையிலும் கிடையாது. குரூப் போட்டோ அங்கே. தனியாள், கேங், ஃபேமிலி போட்டோ மட்டும் பேக்டிராப் முன்னால்.

உயரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வாசகத்தை நடுவில் வைத்தால் நிற்கிறவர்களின் தலை அதை மறைத்துவிடும். ‘பேட்ச் 2022’ என்பதில் ‘பே’ மட்டும் தெரியும். தரையிலிருந்து ஆறரை அடிக்கு மேலே இருக்கிற இடம்தான் எழுத்துக்குப் பாதுகாப்பான ஏரியா. 8 அடி உயர பேக்டிராப்பில் அப்படிக் கிடைப்பது ஒன்றரை அடி பட்டைதான். வாசகம் சின்னதாக இருக்க இதுவும் ஒரு காரணம். இல்லாவிட்டால் எழுத்தை ஒரு பக்கமாக, மேலிருந்து கீழாக அடுக்குங்கள். ஆள் நிற்கும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துவிட்டால் பிரச்னை தீர்ந்தது.

இடம் எங்கே? வெளிச்சம் எங்கே இருக்கோ அங்கே!

டெக்கரேஷன் எவ்வளவு சுமாராக இருந்தாலும் வெளிச்சம் நன்றாக இருந்தால் போட்டோ தப்பித்துவிடும். இதைத் தலைகீழாகச் செய்தால் தப்பிக்காது.

நம் ஊர் ஃபேர்வெல் பெரும்பாலும் காலை 10 மணிக்கு மேல் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டோடு முடியும். அந்த நேரத்தில் சூரியன் தலைக்கு மேலே. வெட்டவெளியில் நிற்க வைத்தால் கண்ணுக்குக் கீழே, மூக்குக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். கண்ணையும் திறக்க முடியாது. அதனால் நிழலில் வையுங்கள். ஆனால், இருட்டில் இல்லை. வராண்டாவின் ஓரம், போர்டிகோவின் விளிம்பு, மரத்தின் அடர்ந்த நிழல் - இங்கெல்லாம் நேர் வெயில் படாது, வானத்தின் வெளிச்சம் மட்டும் மெத்தென்று முகத்தில் விழும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நிற்பவரின் முகம் வெளிச்சத்தைப் பார்க்கணும், பேக்டிராப் சுவர்ப்பக்கம் இருக்கணும். ஜன்னலுக்கு முன்னால் பேக்டிராப் கட்டினால், பின்னாலிருந்து வெளிச்சம் வந்து முகம் இருட்டாகிவிடும்.

செமினார் ஹாலுக்குள்தான் வைக்க முடியும் என்றால், ரெண்டு எல்இடி ஃபோகஸ் லைட் ஏற்பாடு பண்ணுங்கள். பேக்டிராப்பின் மேல் அடிக்காமல், ரெண்டு பக்கமும் சாய்வாக, தலைக்குக் கொஞ்சம் மேலிருந்து ஆட்களின் முகத்தில் படும்படி வையுங்கள். வெளிச்சம் குத்தினால் பக்கத்திலிருக்கும் வெள்ளைச் சுவரில் அடித்துத் திருப்புங்கள். போன் ஃப்ளாஷை நம்பாதீர்கள். நாலஞ்சு அடி தாண்டினால் அதனால் பெரிசாகப் பிரயோஜனம் இல்லை. ஜிகினா கர்ட்டனும் வழவழப்பான ஃப்ளெக்ஸும் பின்னால் இருந்தால் அந்த ஃப்ளாஷ் பட்டுத் திரும்பி, போட்டோ நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்துவிடும். ஃப்ளெக்ஸ் அடிப்பதாக இருந்தால் ‘மேட் ஃபினிஷ்’ கேளுங்கள்.

வெள்ளைத் திரை, கறுத்த முகம்... ஏன்?

பேக்டிராப் வெள்ளையாக இருந்தால் ரிச்சாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கேதான் போன் கேமரா நம்மை ஏமாற்றும். கேமரா, ஃப்ரேமில் இருக்கும் மொத்த வெளிச்சத்தையும் பார்த்துத்தான் எவ்வளவு பிரைட்டாக எடுப்பது என்று முடிவு பண்ணுகிறது. பின்னால் பெரிய வெள்ளைத் திரை இருந்தால், ‘ஓஹோ, இங்கே வெளிச்சம் ஜாஸ்தி’ என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துவிடும். மாநிறமும் கறுப்புமான நம் முகங்கள் இன்னும் டல்லாக விழும். உடனே, ‘நான் போட்டோல நல்லாவே விழ மாட்டேன்’ என்று ஒருவர் ஒதுங்குவார். தப்பு அவர் முகத்தில் இல்லை. தப்பு எக்ஸ்போஷரில்!

இது போனோடு ஆரம்பித்த பிரச்னையும் இல்லை. ஃபிலிம் காலத்தில் லேப்களில் கலரைச் சரிபார்க்க ‘ஷெர்லி கார்டு’ என்று ஒரு மாதிரிப் படம் வைத்திருந்தார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் நன்றாக வந்தால் போதும் என்றுதான் கலரை செட் பண்ணினார்கள். எல்லா நிறத் தோலும் சரியாக வரணும் என்பதையே ஒரு சிறப்பம்சமாகச் சொல்லி, ‘ரியல் டோன்’ என்ற பெயரில் கூகுள் தன் பிக்ஸல் 6 போனில் கொண்டுவந்தது 2021-ல்தான்.

உங்கள் போன் எதுவாக இருந்தாலும் தீர்வு சிம்பிள். திரையில் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸும் வெளிச்சமும் லாக் ஆகும். பக்கத்தில் வரும் சூரியன் ஐகானை மெதுவாக மேலே தள்ளினால் முகம் தெளியும். பேக்டிராப் கொஞ்சம் வெளிறினாலும் பரவாயில்லை. பியூட்டி ஃபில்டரை மட்டும் ஆஃப் பண்ணிவிடுங்கள். அது முகத்தைத் தெளிவாக்காது, வேறு ஒருவர் முகமாக மாற்றும்.

கலர் செலக்‌ஷன்: புடவைக் கடை பாஷையில்...

ரொம்ப வெள்ளையும் வேண்டாம், ரொம்பக் கறுப்பும் வேண்டாம். பட்டமளிப்பு கவுன் கறுப்பாக இருந்து பின்னாலும் கறுப்புத் திரை இருந்தால், தலையும் கையும் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். நடுத்தரமான, அழுத்தமான கலர்கள்தான் நம் தோல் நிறத்துக்கு அள்ளும். மயில்கழுத்து, அரக்கு, இலைப்பச்சை, கத்திரிப்பூ, மாம்பழ மஞ்சள் - புடவைக் கடையில் கேட்கிற அதே பெயர்கள்தான். மெயின் கலர் ஒன்று, அதற்கு ஜோடியாக பார்டர் மாதிரி இன்னொன்று, போதும். ஏழு கலரில் பலூன் வைத்தால் கண் முகத்துக்குப் போகாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. பளீர் பச்சை, பளீர் மஞ்சள் துணிக்கு ரொம்ப ஒட்டி நின்றால், அந்தக் கலர் கன்னத்திலும் கழுத்திலும் பிரதிபலிக்கும். பேக்டிராப்பிலிருந்து மூணு, நாலு அடி முன்னால் வந்து நில்லுங்கள். நிழலும் திரையில் விழாது. போர்ட்ரெய்ட் மோடில் பின்னணி கொஞ்சம் மங்கி, ஆள் தனியாகத் தெரிவார். எடுக்கிறவர் வைட் லென்ஸில் கிட்ட நின்று எடுக்கக் கூடாது. ஓரத்தில் நிற்பவர்களின் உடம்பு இழுபட்டு அகலமாகத் தெரியும். நாலு எட்டு பின்னால் போய், ரெண்டு மடங்கு ஜூமில், நெஞ்சு உயரத்தில் போனைப் பிடித்து எடுத்தால் எல்லோரும் எல்லோராகவே இருப்பார்கள்.

வீட்டு பீரோவே டெக்கரேஷன் கடை!

வாடகைக்கு எடுக்கும் முன் அம்மாவின் பீரோவைத் திறந்து பாருங்கள். ஒரு புடவை சுமார் ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி. அகலம் கிட்டத்தட்ட 4 அடி. எட்டடி உயரத்தில் ஒரு கம்பியைக் கட்டி, அதில் புடவையைச் சரிபாதியாக மடித்துத் தொங்கவிட்டால் 9 அடி இறங்கும். கடைசி ஒரு அடி தரையில் அழகாக விரியும். துணி ரெண்டு மடிப்பாக இருப்பதால் பின்பக்க வெளிச்சமும் ஊடுருவாது. மூணு புடவை இருந்தால் 12 அடி துணி. அதை 8 அடிக்குள் கொசுவி விட்டால் கர்ட்டன் மாதிரி மடிப்பு விழும். ஒரு கத்தரிப்பு இல்லை, ஒரு ஆணி இல்லை. முடிந்ததும் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்.

காட்டன்தான் பெஸ்ட். சின்தெடிக் பளபளக்கும், காற்றில் ஒட்டிக்கொள்ளும். மதுரை சுங்குடி மாதிரி சின்னப் புள்ளி போட்ட புடவைகள் கேமராவில் பிரமாதமாக வரும். நெருக்கமான மெல்லிய கோடு, கட்டம் போட்ட துணிகளைத் தவிருங்கள். வீடியோவில் அலையலையாக ஆடும். பட்டமளிப்பு விழாக்களுக்குக் கைத்தறி உடை அணியலாம் என்று பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி 2019-ல் சொன்னது. உடையில் வந்த கைத்தறி பேக்டிராப்பிலும் வந்தால் மேட்சிங் தானாக அமையும்.

ஃப்ரேமுக்கு பிவிசி பைப் பலரும் சொல்லுவார்கள். ஒரு இன்ச் பைப்பை 8 அடிக்குக் குறுக்கே போட்டு மூணு புடவையைத் தொங்கவிட்டால் நடுவில் தொய்யும். நடுவில் ஒரு கால் கொடுங்கள். இல்லாவிட்டால் மூங்கிலோ சவுக்குக் கம்போ பயன்படுத்துங்கள். ஷாமியானா போடுகிற அண்ணனிடம் கேட்டால் இரும்பு ஸ்டாண்ட் ஒருநாள் வாடகைக்குக் கிடைக்கும். அதுதான் இருப்பதிலேயே ஸ்ட்ராங்.

மேலே அலங்காரத்துக்கு தென்னங்குருத்தோலைத் தோரணம், மாவிலை, வாழை இலை, செவ்வந்திச் சரம். கிளாஸில் ஓலையில் கிளி முடையத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார், இல்லாவிட்டால் அவர் பாட்டிக்குத் தெரியும். பூவை முந்தின நாள் சாயங்காலம் வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காலையில் கட்டுங்கள். பேப்பர் பூ, பேப்பர் விசிறி என்றால் ஒரு வாரம் முன்னாலேயே செய்து வைக்கலாம். சென்னை பசங்களுக்கு பேப்பர் வாங்க பாரிமுனை ஆண்டர்சன் தெரு, மொத்த விலைத் துணிக்கு கோடவுன் தெரு. ரெண்டும் பக்கம் பக்கம்தான்.

தெர்மாக்கோல் எழுத்தா? ஸ்டாப்!

இது பலருக்குத் தெரியாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அமலுக்கு வந்த ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடையில், பார்ட்டி டெக்கரேஷன் அயிட்டங்களும் இருக்கின்றன. அலங்காரத்துக்கான தெர்மாக்கோல், பலூன் பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனர் எல்லாமே அந்த லிஸ்ட்டில் வருகின்றன. தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கொடி, தெர்மாக்கோல் தட்டு மாதிரியான பொருள்களுக்கு 2019 ஜனவரியிலிருந்தே தடை இருக்கிறது.

ஆக, ‘2026’ என்று தெர்மாக்கோலில் வெட்டி சம்க்கி ஒட்டுகிற ஐடியாவை விட்டுவிடுங்கள். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வருகிற கெட்டி அட்டைப்பெட்டி எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதில் எழுத்தை வெட்டி, நியூஸ்பேப்பரும் மைதாப் பசையும் ஒட்டிக் காயவைத்து பெயின்ட் அடித்தால், தெர்மாக்கோலைவிட கெத்தாக இருக்கும். நொறுங்கிப் பறக்காது. ‘6’-ஐ மட்டும் மாற்றினால் அடுத்த வருஷ ஜூனியர்களும் பயன்படுத்தலாம்!

பலூன்: அழகு உண்டு... ஆபத்தும் உண்டு!

பலூன் வளைவு வேணும்தான் என்றால், சில விஷயங்கள். 10 அடி வளைவு அடர்த்தியாக வர 100 பலூனுக்கு மேல் பிடிக்கும். முழுசாக ஊதாதீர்கள். நம் ஊர் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து ‘டப் டப்’ என்று வெடிக்கும். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர் கலர்கள் சூட்டை இழுப்பதால் முதலில் போவது அவைதான். வெயில் பட்டால் ரப்பர் பலூனின் பளபளப்பும் சில மணி நேரத்தில் மங்கிவிடும். நிழலில் கட்டுங்கள், கை பம்ப்பில் சாதா காற்று மட்டும் அடியுங்கள்.

பறக்கிற காஸ் பலூன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹீலியம் விலை அதிகம். அதனால் பல இடங்களில் ஹைட்ரஜன் நிரப்பித் தருகிறார்கள். அது தீப்பற்றும் வாயு. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஒரு கொண்டாட்டத்தில், கையில் கொத்தாகப் பிடித்திருந்த காஸ் பலூன்கள் தீப்பிடித்துப் பலர் காயப்பட்டார்கள். 2022 அக்டோபரில் திருச்சி கடைவீதிப் பகுதியில் பலூன் வியாபாரியின் காஸ் சிலிண்டர் வெடித்து ஒருவர் இறந்தே போனார். கேண்டில், ஸ்பார்க்லர், கலர் ஸ்மோக் எல்லாம் இருக்கிற ஃபேர்வெல்லில் காஸ் பலூன் ஒரு ரிஸ்க். பறக்கிற எஃபெக்ட் வேணும் என்றால், சாதா பலூனை நூலில் கட்டி மேலிருந்து தொங்கவிடுங்கள். போட்டோவில் வித்தியாசமே தெரியாது.

காற்று, கரன்ட்... ரெண்டும் உஷார்!

8க்கு 8 அடி ஃப்ளெக்ஸ் என்பது 64 சதுர அடி பாய்மரம். மொட்டை மாடியிலோ கிரவுண்டிலோ ஒரு காற்று அடித்தால் ஸ்டாண்டோடு சாயும். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்திருந்த பேனர் சரிந்து, டூவீலரில் வந்த இளம் பெண் இன்ஜினீயர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ‘நம்மது சின்னதுதானே’ என்று அலட்சியம் வேண்டாம். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலிலும் தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேனைக் கட்டுங்கள். கேனுக்கு 20 கிலோ. ஹாஸ்டலில் தேடவே வேண்டாம். கேனைத் துணியால் மூடிவிட்டால் டெக்கரேஷனோடு கலந்துவிடும். மேல் மூலைகளிலிருந்து பின்பக்கமாகக் கயிறு இழுத்து மரத்திலோ தூணிலோ கட்டுங்கள். மாடிக் கைப்பிடிச்சுவரை ஒட்டி, ஆட்கள் நடக்கும் பாதைக்கு மேலே எதையும் நிறுத்தாதீர்கள்.

சீரியல் லைட் போடுவதாக இருந்தால், டேப் சுற்றிய ஜாயின்ட் துணியில் படக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத் தரையிலோ நடக்கிற வழியிலோ வேண்டாம். பழைய ஹாலோஜன் லைட் கொதிக்கும், துணிக்கும் ஓலைக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள். எல்இடி போதும். வீல்சேரில் வருகிற நண்பரோ, முட்டிவலியோடு வருகிற பாட்டியோ இருக்கலாம். அதனால் மேடை, படி வைக்காமல் சமதளத்தில் வைப்பது எல்லோருக்கும் நல்லது.

காசு யார் கொடுப்பது?

இதுதான் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம். ‘தலைக்கு 500’ என்று குரூப்பில் ஒரு மெசேஜ் விழும். 40 பேர் தம்ஸ்அப் போடுவார்கள். மீதி 20 பேர் சைலன்ட். அந்த சைலன்ட்டில் பார்ட் டைம் வேலை பார்த்து பஸ் பாஸ் வாங்குகிறவர்களும் இருப்பார்கள். காசு கொடுக்காததால் அந்த பேக்டிராப் முன்னால் நிற்கவே கூச்சப்பட்டு ஓரமாகப் போய்விடுவார்கள். யாரும் அவர்களை ஒதுக்கவில்லை, ஆனால் ஒதுங்க வைத்துவிட்டோம்.

அதனால் பட்ஜெட்டைக் கீழிருந்து போடுங்கள். எல்லோராலும் முடிகிற தொகை எது? 50 ரூபாய் என்றால் 60 பேருக்கு 3,000 ரூபாய். அதில் ஸ்டாண்ட் வாடகை, பூ, பேப்பர், பெயின்ட் அடங்குகிற மாதிரி டிசைனைச் சுருக்குங்கள். கூடுதலாகக் கொடுக்க நினைப்பவர்கள் ட்ரெஷரருக்குத் தனியாக அனுப்பட்டும், பெயர் லிஸ்ட் வேண்டாம். செலவுக் கணக்கு மட்டும் குரூப்பில் பில்லோடு வரட்டும். காசுக்குப் பதில் புடவை, வேலை, தையல், ஓலை முடைவது எல்லாமே பங்களிப்புதான் என்று முதல் மெசேஜிலேயே எழுதிவிடுங்கள்.

அப்பா, அம்மாவுக்கு ஒரு ஸ்லாட்!

தமிழ்நாட்டில் பொறியியல் மாதிரியான படிப்புகளுக்கு ‘முதல் பட்டதாரி’ கட்டணச் சலுகை 2010-11லிருந்து இருக்கிறது. அந்தச் சான்றிதழோடு அட்மிஷன் வாங்கியவர்கள் உங்கள் கிளாஸிலேயே இருப்பார்கள். அவர்கள் வீட்டில் முதல் டிகிரி போட்டோ இதுதான். பேரன்ட்ஸ் வருகிற விழா என்றால், அவர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள். ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நிமிஷம் என்றாலும் 60 குடும்பத்துக்கு ரெண்டு மணி நேரம். ஒரே கார்னரில் கேங் போட்டோவும் ரீல்ஸும் ஓடினால் அவர்கள் கடைசி வரைக்கும் பையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, ‘பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா’ என்று கிளம்பிவிடுவார்கள்.

ரெண்டு கார்னர் வையுங்கள். ஒன்று ஜாலிக்கு, ஒன்று ஃபேமிலிக்கு. ஃபேமிலி கார்னரில் ஜிகினா, ப்ராப் எதுவும் வேண்டாம். புடவைத் திரை, பூச்சரம், ரெண்டு நாற்காலி, தமிழில் டிபார்ட்மென்ட் பெயர், வருஷம். போட்டோ எடுக்க ஒரு ஜூனியரை நிறுத்துங்கள். ‘அம்மா, கொஞ்சம் கிட்ட வாங்க, அப்பா, தோள்ல கை போடுங்க’ என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் போதும், விறைப்பாக நின்றவர்கள் இளகிவிடுவார்கள். கவுனையும் தொப்பியையும் கழற்றி அம்மாவுக்குப் போட்டு ஒன்று எடுங்கள். ஹாலில் மாட்டப்போவது அநேகமாக அதுதான்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* முந்தின நாள் அதே நேரத்தில் அந்த இடத்தில் ஒருவரை நிற்க வைத்து டெஸ்ட் போட்டோ எடுங்கள். வெயில் எங்கே விழுகிறது என்று தெரியும்.

* கத்திரிக்கோல், டபுள் சைடு டேப், சணல் கயிறு, கேபிள் டை, சேஃப்டி பின், சாக்பீஸ், முகம் துடைக்க ஒரு டவல் - ஒரே பையில்.

* குரூப் போட்டோவை முதலில் முடியுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு மேக்கப்பும் ஆட்களும் இருக்க மாட்டார்கள்.

* லென்ஸைத் துடைத்துவிட்டு எடுங்கள். பாதி மங்கல் போட்டோவுக்குக் காரணம் விரல் ரேகைதான்.

* வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ குவாலிட்டி குறையும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள், இல்லாவிட்டால் டிரைவ் ஃபோல்டர் ஒன்றை எல்லோருக்கும் ஷேர் பண்ணுங்கள்.

* அந்த வாரத்திலேயே ஒரு போட்டோவாவது பிரின்ட் போடுங்கள். போன் தொலையும், மாறும். சுவரில் இருப்பது இருக்கும்.

* முடிந்ததும் டேப், நூல், பலூன் துண்டு எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். துப்புரவு அக்காவுக்கு அது ஃபேர்வெல் இல்லை, ஓவர்டைம்.

கடைசியாக ஒன்று. விடிய விடிய டேப் ஒட்டின அந்த நாலு பேர், மறுநாள் எல்லோருக்கும் போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஆல்பத்தைத் திறந்தால் அவர்கள் மட்டும் ஒன்றிலும் இருக்க மாட்டார்கள். பேக்டிராப் ரெடியானதும் முதல் கிளிக் அவர்களுக்கு. அழுக்கு டி-ஷர்ட், கலைந்த தலை, கையில் கத்திரிக்கோல்... அப்படியே நிற்கட்டும்!